மஞ்சள் பையில் ஒரு கியூப்

தம்பி, அந்தப் பையைக் காலால தள்ளாதீங்க. நகராது. உங்க காலுக்கு இடைஞ்சலா இருந்தா சொல்லுங்க, நானே என் பக்கம் இழுத்துக்கறேன். ஆங், இப்ப சரியா இருக்கா. நல்லா சாஞ்சு உக்காருங்க.

வண்டி ஏன் இப்படி ஊருதுன்னுதானே எட்டி எட்டிப் பார்க்கறீங்க. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இப்படித்தான். இருபதுக்கு மேல போகக் கூடாதுன்னு டிரைவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்காங்க. வெளியில பாருங்க, லைன் ஓரமா வரிசையாக் கிடக்குதே காங்கிரீட் கட்டை, அதுக்குப் பேரு சிலிப்பர். தண்டவாளத்துக்கு அடியில குறுக்கால போடறது. அதை எல்லாம் தோண்டி எடுத்துட்டு வேற கட்டை போடறாங்க. அதுக்காகத்தான் இந்த ஊர்வலம். நல்லா இருந்த கட்டைங்க தம்பி. அம்பது வருஷம் கிடக்க வேண்டியது. போட்டு ஒன்பது வருஷம் ஆவல, பிடுங்கிப் போட்டுட்டாங்க.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா. கட்டை மேல நடுவுல வேல் மாதிரி ஒரு குறி தெரியும், வண்டி இன்னும் மெதுவாப் போனா பாருங்க. அதுக்குப் பக்கத்துல வருஷம், எந்த அச்சுல ஊத்தினதுன்னு நம்பர், எல்லாம் பதிஞ்சிருக்கும். வேல் எங்க கம்பெனி மார்க். முதலாளி பெரிய முருக பக்தர். இருபத்திரண்டு வருஷம் நான் அங்க வேலை பார்த்தேன். இந்த லைன்ல கிடந்ததுல முக்கால்வாசி எங்க கட்டைதான்.

கட்டை ஊத்தறது என் வேலை இல்ல. அதை யார் வேணாலும் ஊத்தலாம். கம்பியை இழுத்துக் கட்டி, அச்சுல கலவையைக் கொட்டி, அதிர விட்டு, மேல மூடி போட்டு ஆவியில வேக வைக்கறது. இட்லி மாதிரிதான். பீகார்லேருந்து வந்த பசங்க ரெண்டே மாசத்துல கத்துக்கறாங்க. என் வேலை கியூப். அங்க கேட்ல போய் கியூப் மேஸ்திரின்னு கேட்டா சின்னப் பிள்ளைகூட என் வீட்டைக் காட்டும். கேட்டா காட்டும்ங்கிறேன், இப்ப அந்தக் கேட்டே பூட்டிக் கிடக்கு.

கியூப்புன்னா ஆறு இஞ்சு அளவுக்குச் சதுரமா ஒரு கட்டி. அன்னன்னைக்குக் கட்டைக்குக் கலக்குற அதே கலவையில கொஞ்சம் எடுத்து, இரும்பு அச்சுல போட்டுக் குத்தி, கட்டைங்களோடயே ஆவியில வெச்சு எடுக்கணும். அப்புறம் தண்ணித் தொட்டியில போட்டு வெப்போம். பதினஞ்சாம் நாள் ரயில்வே இன்ஸ்பெக்டர் வருவாரு. மெஷின்ல வெச்சு அமுக்குவாங்க. கடியாரம் மாதிரி ஒரு வட்டம், அதுல ஒரு முள்ளு. முள்ளு கோட்டைத் தாண்டினதுக்கு அப்புறம் கியூப் உடைஞ்சா அன்னைக்கு ஊத்தின கட்டை அத்தனையும் பாஸ். தாண்டாம உடைஞ்சா அத்தனையும் கழிவு. லைனுக்குப் போறது கட்டை. அதைப் போக விடறது கியூப். இப்ப புரியுதா, யாரு வேலை பெருசுன்னு.

நான் சேர்ந்த ரெண்டாவது வருஷம் ஒரு கியூப் தோத்துப் போச்சு. கோட்டுக்கு இந்தண்டையே முள்ளு நின்னுடுச்சு. இன்ஸ்பெக்டர் சிவப்புப் பெயிண்டு டப்பாவை எடுத்தாரு. அன்னைக்கு ஊத்தின அத்தனை கட்டையிலயும் குறுக்கால கோடு. அப்புறம் அதை எல்லாம் சம்மட்டியால உடைக்கணும், அவர் கண்ணு முன்னாலயே. உடைக்கறப்ப முதலாளி வந்து என் பக்கத்துல நின்னாரு. வெள்ளை வேட்டி, நெத்தியில விபூதி. ஒரு வார்த்தை திட்டலை. என் தோள்ல கை வெச்சு, "மேஸ்திரி, இனிமே அந்த முள்ளு கோட்டுக்குக் கீழ நிக்கக் கூடாது"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. அதுவரைக்கும் என்னை யாரும் மேஸ்திரின்னு கூப்பிட்டதில்ல. அன்னைக்குத்தான் நான் மேஸ்திரி ஆனேன்.

நிக்கலை தம்பி. அதுக்கப்புறம் இருபது வருஷம், ஒரு தடவைகூட அந்த முள்ளு கீழ நிக்கலை.

எப்படின்னா, அதுல ஒரு பக்குவம் இருக்கு. கலவை வந்ததும் தனியா ஒரு பாண்டுச் சட்டியில எடுத்துக்குவேன். பெரிய ஜல்லியைக் கையால பொறுக்கிப் போட்டுடுவேன். ரெண்டு கை சிமெண்டு கூடப் போட்டுப் பிசைவேன். அச்சுல மூணு தடவையாப் போட்டு, ஒவ்வொரு தடவையும் முப்பத்தஞ்சு குத்து, எண்ணிக் குத்துவேன். கட்டைக்கு ஆவி எட்டு மணி நேரம் குடுக்கணும்னு சட்டம். வேலை நெருக்கடியில ஆறு மணி நேரத்துலயே மூடியைத் தூக்கிடுவாங்க. அச்சு காலியானாத்தானே அடுத்தது ஊத்த முடியும். என் கியூப்புக்கு மட்டும் மூலையில தனியா ஒரு குழாய் வெச்சு எட்டு மணி நேரமும் குடுப்பேன். ஒரு நிமிஷம் குறைக்க மாட்டேன். வேலைன்னா அப்படி இருக்கணும்.

என்ன தம்பி அப்படிப் பார்க்கறீங்க. பொண்ணு பார்க்க வர்றாங்கன்னா பொண்ணுக்குப் பட்டுப்புடவை கட்டி விடறோமா இல்லியா. எப்பவும் கட்டுற நூல் புடவையிலயா கொண்டாந்து நிறுத்தறோம். அதுக்குப் பேரு ஏமாத்தறதா. மரியாதை. எல்லா ஊர்லயும் அப்படித்தான் செய்யறாங்க, என் அளவுக்குச் சுத்தமாச் செய்யத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முதலாளி என் கியூப் ஒண்ணை எடுத்துச் சந்தனம் குங்குமம் வெச்சு சாமி படத்துக்குக் கீழ வெப்பாரு. மெஷினுக்கு அப்புறம்தான் மாலை, முதல்ல கியூப்புக்கு.

எனக்கு ஒரே பொண்ணு. மங்கையர்க்கரசின்னு பேரு, மங்கை மங்கைன்னு கூப்பிடுவோம். ரயில்வே மாப்பிள்ளையாத்தான் பார்க்கணும்னு நான் ஒத்தைக் கால்ல நின்னு பார்த்தேன். செழியன்னு பேரு. இந்த லைன்லயே கீமேன். கீமேன்னா தெரியுமா. தோள்ல சம்மட்டி, கையில சிவப்புக்கொடி பச்சைக்கொடி வெச்சுக்கிட்டு தினம் காலையில ஆறேழு கிலோமீட்டர் தண்டவாளத்து மேலயே நடந்து போறவரு. ஒவ்வொரு கட்டையிலயும் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கிற கிளிப்பு இருக்கும், அது தளர்ந்திருந்தா அடிச்சு ஏத்தணும். நான் அனுப்புற கட்டை, அவரு காக்குற லைன். எவ்வளவு பொருத்தம் பாருங்க. கல்யாணத்துல முதலாளி வந்து மேடையில நின்னு அதையேதான் சொன்னாரு.

தலைத்தீபாவளிக்கு வந்தாங்க. சாப்பாடு முடிஞ்சு நானும் மாப்பிள்ளையும் கூடத்துல உக்காந்திருந்தோம். பேச்சு வாக்குல அவரு கேட்டாரு, "மாமா, உங்க கியூப்பு மட்டும் ஒரு தடவைகூடத் தோத்ததே இல்லையாமே, எப்படி"ன்னு. மாப்பிள்ளை வாய் திறந்து கேக்கறாரு. சொல்லாம இருக்க முடியுமா. ரெண்டு கை சிமெண்டு, பொறுக்கிப் போடற ஜல்லி, தனிக் குழாய், எல்லாம் விலாவாரியாச் சொன்னேன். வேல் குறிக்குப் பக்கத்துல இருக்கற நம்பரை எப்படிப் படிக்கணும், எந்த மாசத்துக் கட்டைன்னு எப்படிக் கண்டுபிடிக்கணும்னு அதையும் சொன்னேன். அவரு சிரிக்கலை. அப்பவே நான் கவனிச்சிருக்கணும். "அப்போ கட்டையோட பலம் உங்களுக்கே தெரியாதா மாமா"ன்னு மட்டும் கேட்டாரு. பவுனு, பவுனுன்னா என் சம்சாரம், அதிரசத் தட்டைக் கொண்டாந்து வெச்சா. பேச்சு அதோட போச்சு.

போன வருஷம் சித்திரையில இந்த லைன்ல ஒரு கூட்ஸ் வண்டி தண்டவாளத்தை விட்டு இறங்கிடுச்சு. பேப்பர்ல சின்னதாப் போட்டிருந்தான். ஒரு வளைவு, அதுல அஞ்சு பெட்டி கீழ இறங்கிச் சாஞ்சுடுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆவல. நிலக்கரிதான் கொட்டிச்சு. அதுக்கு இருபது நிமிஷம் முன்னாலதான் இதே பாசஞ்சர் அந்த வளைவைத் தாண்டிப் போயிருக்கு. அதான் போயிடுச்சில்ல, அதை ஏன் எல்லாரும் அத்தனை தடவை சொன்னாங்கன்னு எனக்கு இன்னும் புரியலை.

கம்பியை எதுக்குப் பிடிக்கறீங்க தம்பி. பயப்படாதீங்க. அந்த வளைவு தாண்டி அரை மணி ஆச்சு. இப்ப புதுக் கட்டைதான்.

இறங்கினது எங்க மாப்பிள்ளை நடக்கற எல்லைக்குள்ள. அவங்க ஆபீஸ்ல முதல்ல யாரைப் பிடிப்பாங்க. கீமேனைத்தான். காலையில நடந்து போனியே, கட்டை விரிசல் விட்டதைப் பார்க்கலையா, கிளிப்பு கழண்டு கிடந்ததைப் பார்க்கலையான்னு கேட்டு சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. அவரு டைரியில எழுதியிருந்தாரு. அந்த வளைவுல கிளிப்பு நிக்கவே மாட்டேங்குது, கட்டையில இரும்பு பதிச்ச இடத்துல காங்கிரீட் உதிருதுன்னு நாலு மாசமா எழுதியிருந்தாரு. எழுதினா யாரு படிக்கறாங்க. உதிராதே, அதுக்குத்தான் கியூப் பாஸ் ஆயிருக்கேன்னு மேல இருக்கறவங்க சொல்லிட்டாங்க. கியூப் பேசறப்ப கீமேன் டைரி எங்க பேசும். அதுல எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்துச்சு, சொல்றதுக்கென்ன.

விசாரணைக்கு முந்தின நாள் ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்தாங்க. மங்கைக்கு அப்ப ஆறு மாசம். மாப்பிள்ளை செருப்பைக்கூட ஓரமா விடலை, வாசல்லயே நின்னாரு. "மாமா, ஒரே ஒரு வார்த்தை. தீபாவளிக்கு எனக்குச் சொன்னதை நாளைக்கு அவங்ககிட்டச் சொல்லுங்க. வேற எதுவும் வேணாம். என் வேலை நிக்கும்"னாரு. மங்கை என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தா. "சாப்பிட்டுட்டுப் போங்க மாப்பிள்ளை"ன்னேன். சாப்பிடாமப் போனாங்க.

மறுநாள் மூணு ஆபீசருங்க. மேஜை மேல என் கியூப் ரிஜிஸ்டர் இருபது வருஷத்துக்கும் அடுக்கி வெச்சிருக்கு. முதலாளி அந்தப் பக்கம் உக்காந்திருக்காரு. மாப்பிள்ளை கதவோரம் நின்னுக்கிட்டிருக்காரு. கட்டைக்கு ஊத்தின அதே கலவையிலதான் கியூப் ஊத்தினியான்னு கேட்டாங்க. நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கலை, மின்விசிறியைப் பார்த்துக்கிட்டிருந்தாரு. என் தோள்ல அந்தக் கை இருக்கற மாதிரியே இருந்துச்சு எனக்கு. அதே கலவைதான் சார், ஒரு பிடி கூடக் குறைய இல்லைன்னு சொன்னேன்.

நான் சொல்லி முடிச்சதும் மாப்பிள்ளை முன்னால வந்தாரு. தீபாவளி அன்னைக்கு நான் சொன்ன அத்தனையும் சொன்னாரு. முப்பத்தஞ்சு குத்துங்கறது உட்பட. ஒண்ணு விடலை. கூடத்துல உக்காத்தி வெச்சு, மாப்பிள்ளையாச்சேன்னு நம்பிச் சொன்னதைத் தூக்கி மூணு ஆபீசருங்க முன்னால கொட்டினாரு தம்பி. நீங்க சொல்லுங்க, இதை எந்த வீட்டு மாப்பிள்ளை செய்வான். பாருங்க, இத்தனை நடந்தும் அவரை அவன் இவன்னு சொல்ல வாய் வரலை. செய்வாருன்னே வெச்சுக்கங்க.

அப்புறம் கட்டையிலயே துளை போட்டுக் காங்கிரீட்டை உருவி எடுத்து உடைச்சுப் பார்த்தாங்க. முள்ளு கோட்டுக்கு எங்கயோ கீழ நின்னுதாம். நான் போகலை. கட்டையைத் துளை போட்டா பலம் குறையாதா, அது எந்த ஊர் நியாயம்.

ஒரு வாரம் கழிச்சு முதலாளி கார் அனுப்பினாரு. என் தெருவுக்குள்ள அந்தக் காரு வந்து நின்னதை நீங்க பார்த்திருக்கணும். இருபத்திரண்டு வருஷத்துல அன்னைக்குத்தான் அந்தக் காருக்குள்ள உக்கார்றேன். முதலாளி தன் கையால காப்பி எடுத்துக் கொடுத்தாரு. ஒரு லெட்டர் டைப் அடிச்சுத் தயாரா இருந்துச்சு. கியூப்புல செஞ்சது எல்லாம் நான் என் இஷ்டத்துக்குச் செஞ்சது, நிர்வாகத்துக்குத் தெரியாது, அப்படின்னு. "மேஸ்திரி, இது கம்பெனி மூடாம இருக்கறதுக்கு. திருச்சி பக்கம் என் மச்சான் பேர்ல புது யூனிட் வருது. அங்க உங்க இடம் உங்களுக்குத்தான்"னாரு. கையெழுத்துப் போட்டேன். யோசிக்கவே இல்ல. அந்த லெட்டர்ல ஒரு எழுத்து பொய் கிடையாது தம்பி. சிமெண்டைக் கூடக் கலக்குன்னு அவர் ஒரு நாளும் சொன்னதில்ல. முள்ளு கீழ நிக்கக் கூடாதுன்னுதான் சொன்னாரு.

மாப்பிள்ளைக்கு வேலை திரும்பக் கிடைச்சுடுச்சு. அதைச் சொல்ல மாட்டேங்கறாங்க பாருங்க யாரும். கடைசியில என் லெட்டர் அவருக்கும்தானே உதவிச்சு. கம்பெனியைத்தான் மூடிட்டாங்க. லெட்டர் கொடுத்தும் மூடிட்டாங்க. பரவாயில்ல, புது யூனிட் இருக்கே.

ஏழாம் மாசம் வளைகாப்பு. அவங்க குவார்ட்டர்ஸ்லதான் வெச்சாங்க. நானும் போனேன், முறை விட்டுப் போகக் கூடாதில்ல. வளையல் போட்டு முடிச்சதும் பொண்ணை நம்ம வீட்டுக்கு அழைச்சுக்கிட்டு வரணும். தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதானே. வேன் பேசி வாசல்ல நிறுத்தியிருந்தேன். மங்கை எழுந்திரிக்கவே இல்ல. மணைப் பலகையிலயே உக்காந்துக்கிட்டு, கை நிறைய வளையலோட, எல்லார் முன்னாலயும் சொன்னா. "அவருக்காக ஒரு உண்மையைச் சொல்ல உங்களுக்கு வாய் வரலை. முதலாளிக்காக ஒரு பொய்யில கையெழுத்துப் போட மட்டும் கை வந்துச்சு. நான் வரலைப்பா"ன்னா. பிறந்ததுலேருந்து என்னை நீ வா, நீ போன்னுதான் கூப்பிடுவா. அன்னைக்கு "உங்களுக்கு"ன்னா. எனக்கு அதுதான் தம்பி தாங்கலை. மத்ததைக்கூட விட்டுடலாம்.

அவ வராததால பவுனு அங்க போனா. மூணு மாசத்துல வந்துடறேன்னு போனவ. பிள்ளை பிறந்து இப்ப ஒன்பதாம் மாசம். வரலை. நானே பொங்கித் தின்னுக்கிட்டிருக்கேன். பொம்பளைப் பிள்ளை. போட்டோகூட நான் பார்க்கலை. பவுனு அனுப்பறேன்னா, என் போன்ல படம் தெரியாது, பட்டன் போன். மாத்திக்கிட்டாத்தான் என்னன்னு கேக்காதீங்க. மாத்தலை.

பையில என்னன்னு அப்போலேருந்து பார்க்கறீங்க. இருங்க, காட்டறேன். பயப்படாதீங்க, குண்டு இல்ல. இதான் கியூப். தொட்டுப் பாருங்க. எட்டு கிலோ இருக்கும். ஓரம் பாருங்க, ஒரு சில்லு பேந்திருக்கா. பழைய அச்சு ஒண்ணு வீட்டுல கிடந்துச்சு. கொல்லையில உக்காந்து நானே கலக்கி நானே குத்தினேன். பதினஞ்சு நாள் தொட்டியில கிடந்துட்டு நேத்துத்தான் எடுத்தேன். இப்ப இதை முதலாளிகிட்டத்தான் எடுத்துக்கிட்டுப் போறேன். வயசு அறுபத்தொண்ணு ஆச்சே, கையில பதம் இருக்குமோன்னு அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கலாம் இல்லியா. இதைப் பார்த்தா வார்த்தை வேணாம். அவர் மேஜை மேல வெச்சுட்டு நான் சும்மா நிப்பேன்.

நாலு தடவை போனேன் ஏற்கெனவே. புதுக் கேட், புது வாட்ச்மேன். என்னைத் தெரியலை. முதலாளி ஊர்ல இல்லைம்பான். மூணாவது தடவை உள்ள கார் நின்னுக்கிட்டிருந்துச்சு, அந்தக் கார்தான், நம்பர் எனக்குத் தெரியும். காரை விட்டுட்டு ரயில்ல போயிருப்பாரு. போன மாசம் ஒரு வியாழக்கிழமை போனேன், அன்னைக்கும் வெளியூர்னான். பெரிய மனுஷங்களுக்கு ஆயிரம் சோலி. வாட்ச்மேன் சொல்றதை வெச்சு நாம ஒண்ணும் நினைச்சுக்கக் கூடாது.

இந்தப் பாதையிலதான் அவங்க ஊரும். மருதங்குறிச்சின்னு சின்ன ஸ்டேஷன். ரெண்டு நிமிஷம் நிக்கும். அடுத்தது அதுதான். இன்னைக்கு அங்க காதுகுத்து.

ஆமா, பேத்திக்குத்தான். எனக்கு மகன் இல்ல, அதனால பிள்ளைக்குத் தாய்மாமன் கிடையாது. மாப்பிள்ளையோட அண்ணன் இருக்காரு, அவர் மடியில வெச்சுக் குத்திடலாம்னு அவங்க வீட்டுல சொன்னாங்களாம். மங்கை கேக்கலையாம். எங்கப்பா மடியிலதான் வெச்சுக் குத்தணும்னு ஒரே பிடிவாதமாம். அதுக்காக ரெண்டு தடவை தள்ளி வெச்சுட்டாளாம். பவுனு நேத்துப் போன் பண்ணி அழுதா. பாசஞ்சர்ல வர்றேன்னு சொல்றீங்களே, இறங்குங்க, ஆசாரி பன்னெண்டு மணிக்கு வர்றாரு, முடிச்சுட்டுச் சாயந்திரம் வண்டியில திருச்சி போங்கன்னா. சாயந்திரம் போனா முதலாளி பூஜையில உக்காந்துடுவாரு, பார்க்க முடியாது. அவளுக்கு அது எங்க தெரியுது. இறங்கலைன்னா மாப்பிள்ளையே பெட்டி பெட்டியாத் தேடிக்கிட்டு வருவாருன்னு சொன்னா. வரட்டுமே. எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வருவாரு.

என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும் தம்பி. அவ்வளவுதான். வீட்டுல நம்பிச் சொன்னதை வெளியில சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை. சொன்னா நான் இறங்கிடுவேன். அவங்க என்ன சொல்றாங்க தெரியுமா. நான்தான் சொல்லணுமாம். நான் எதுக்குச் சொல்லணும். என் கியூப் ஒண்ணுகூடத் தோக்கலையே.

வந்துடுச்சு. மஞ்சள் போர்டு தெரியுதா, அதான் மருதங்குறிச்சி. தம்பி, ஒரு உதவி. இந்த ஜன்னல் ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி விடுங்க, எனக்குக் கை எட்டலை. வெயில் அடிக்குது. அந்தப் பக்கமாத்தான் அடிக்குதா. அடிக்கட்டும், இறக்குங்க. முழுசா இறக்குங்க. நீங்க கதவுப் பக்கம் இப்படித் திரும்பி உக்காருங்க, நான் இந்த மூலையில துண்டைப் போத்திக்கிட்டுச் சாஞ்சுக்கறேன். யாராவது பெட்டிக்குள்ள எட்டிப் பார்த்து என் பேரைச் சொல்லிக் கேட்டா, அப்படி யாரும் இங்க இல்லைன்னு சொல்லிடுங்க. பொய்னு சங்கடப்படாதீங்க. இவ்வளவு நேரம் பேசினோமே, என் பேரை நான் உங்களுக்குச் சொன்னேனா. சொல்லலை. உங்களுக்குத் தெரியாத ஆளை உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்றதுல என்ன பொய் இருக்கு.

நின்னுடுச்சு. பேசாதீங்க.

போயிட்டாரா. நல்லாப் பாருங்க. அடுத்த பெட்டிக்கா. சரி. என்னது, மாமான்னு கூப்பிட்டாரா. கேட்டுச்சு, எனக்கும் கேட்டுச்சு. நீங்க சொன்னது சரிதான், யாரும் இல்லைன்னீங்க, அது போதும். ரொம்ப நன்றி. விசில் அடிச்சுட்டான். கிளம்பிடும்.

தம்பி, அவர் கையில என்னமோ வெச்சிருந்தாப்புல துண்டு இடுக்குல தெரிஞ்சுச்சு. என்ன அது. பிள்ளையா.

பிள்ளையைத் தூக்கிக்கிட்டா பெட்டி பெட்டியா ஏறி இறங்கறாரு. புதுப் பாவாடை கட்டியிருந்துச்சா. தலையில பூ வெச்சிருந்தாங்களா. அழுவுச்சா, சும்மா இருந்துச்சா. உங்களைப் பார்த்துச் சிரிச்சுச்சா.

காதைப் பார்த்தீங்களா தம்பி. காதுல ஏதாவது மின்னுச்சா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வெறும் காதா. ரெண்டு காதுமா.

அப்போ இன்னும் குத்தலை.

சரி. ஷட்டரைத் தூக்கி விடுங்க, காத்து வரட்டும். ஸ்டேஷன் தாண்டிடுச்சில்ல. அந்தப் பையை என் பக்கம் தள்ளுங்க, இல்ல இல்ல, நானே இழுத்துக்கறேன். இன்னைக்கு வியாழக்கிழமை. வியாழக்கிழமையில முதலாளி வெளியூர் போக மாட்டாரு. இருபத்திரண்டு வருஷமா அவரை எனக்குத் தெரியாதா.